வீட்டு வாசலிலேயே பைக் வேலை: எதை மாற்றலாம், டயரை எப்படி பேலன்ஸ் செய்வது

புது டயர் போட்ட கையோடு என் பல்சர் 150-இல் எழுபதைத் தாண்டினாலே ஹேண்டில்பார் நடுங்க ஆரம்பித்தது. டயர் போட்ட கடையில் "ஓட ஓட செட் ஆகிடும்ணே" என்றார்கள். கார் வீல் பேலன்சிங் செய்யும் இடங்களில் பைக் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போனதும் கையை விரித்தார்கள். அவர்கள் மெஷினில் பைக் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் அடாப்டர் இல்லை. ஒரு சர்வீஸ் சென்டரில் டயரையே மறுபடி மாற்றச் சொன்னார்கள். இந்த அலைச்சல் வேறு யாருக்கும் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பைக்கை மாடிஃபை செய்வது என்றதும் சைலன்சர், ஃபாக் லைட், அகல டயர் என்று மனசு ஓடும். என்னைக் கேட்டால் வீட்டில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது சக்கர பேலன்சிங்தான், அதாவது சக்கரத்தின் கனம் சுற்றிலும் சமமாக இருக்கும்படி ரிம்மில் சின்ன எடை ஒட்டிச் சரிசெய்வது. ஆர்.டி.ஓ. அனுமதி தேவையில்லை, செலவு ஆயிரத்துச் சொச்சம், வண்டி ஓட்டும் சுகத்தில் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். மற்ற மாற்றங்களை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

1. ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்.சி.யை எடுங்கள்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: கம்பெனி எந்த அளவுகளோடு வண்டியைக் கொடுத்ததோ, ஆர்.சி.யில் எது பதிந்திருக்கிறதோ, அதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் இதை உறுதி செய்தது. மீறினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்பதைக் கவனியுங்கள். மூன்று மாற்றம் செய்திருந்தால் மூன்று ஐயாயிரம்.

சத்தம் போடும் சைலன்சருக்குத் தனிக் கணக்கு. 190(2) பிரிவில் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டியில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் புகைப்போக்கிக் குழாயோடுதான் இருக்கிறது. ஆக்சிஜன் சென்சாரும் அங்கேதான். அந்தப் பக்கத்தை வெட்டினால் புகைச் சான்றிதழும் போச்சு, மைலேஜும் போச்சு. சைலன்சரை விட்டுவிடுங்கள்.

நிறமும் ஆர்.சி.யில் இருக்கிறது. கறுப்பு வண்டிக்குச் சிவப்பு அடிக்க ஆசை என்றால் பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் வாகன மாற்றத்துக்கு முதலில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, நேரம் வாங்கிக்கொண்டு, பிறகு பெயின்டருக்கு அட்வான்ஸ் கொடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு அலைகிறார்கள். கையில் இருக்க வேண்டியவை:

- அசல் ஆர்.சி.
- நடப்பில் உள்ள இன்சூரன்ஸ்
- புகைச் சான்றிதழ்
- முகவரிச் சான்று
- வண்டி மேல் கடன் இருந்தால் வங்கியோ ஃபைனான்ஸ் கம்பெனியோ தரும் சம்மதக் கடிதம்

இந்தக் கடைசிக் காகிதம்தான் ஆளைச் சுற்றவிடும். கடன் பாக்கி இருந்தால் முதல் வேலையாக அதற்குச் சொல்லி வையுங்கள். வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் நேரில் பார்ப்பார் என்பதால் அன்றைக்கு வண்டியோடு போக வேண்டும். வாசலில் நிற்கும் புரோக்கர் கேட்கும் பணத்துக்கும் தளம் காட்டும் கட்டணத்துக்கும் சம்பந்தமே இருக்காது. தளம் காட்டும் தொகையைக் குறித்துக்கொண்டு போங்கள்.

இன்சூரன்ஸையும் மறக்காதீர்கள். மாற்றத்தைக் கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டு விபத்து நடந்தால், கிளெய்ம் போடும்போது சர்வேயர் முதலில் எழுதுவது அதைத்தான். ஒரு மெயில் போட்டு, பாலிசியில் சேர்த்ததற்கான பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. தொடலாம், தொடக் கூடாது

கம்பெனி அளவிலேயே வேறு பிராண்டு டயர், கிரிப், சீட் கவர், டேங்க் பேட், மொபைல் ஹோல்டர், சார்ஜர், தரமான பிரேக் பேட், அதே அளவு செயின் ஸ்ப்ராக்கெட் ஆகியவற்றில் பெரிய சிக்கல் வராது.

சாரி கார்டைக் கழற்றி வீசுவதுதான் ஊர் முழுக்க நடக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின்சக்கரத்தில் பாதியாவது மூடும் தடுப்பு மூன்றும் வேண்டும் என்கிறது. அம்மாவோ மனைவியோ சேலையோடு பின்னால் உட்காரும் வண்டியில் அதைக் கழற்றுவதற்கு நான் எந்தக் காரணத்தையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பல குரலில் கத்தும் ஹாரனுக்கு 119-ஆவது விதி தடை போடுகிறது. நம்பர் பிளேட்டில் கலைநயம் வேண்டாம். 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் உயர் பாதுகாப்புத் தகடுதான் இருக்க வேண்டும்.

டயர் அளவில் கொஞ்சம் நிதானம் தேவை. 100/90-17 என்றால் அகலம் 100 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 17 இன்ச். அதே ரிம்மில் 130 டயரை ஏற்றினால் ஒல்லி ரிம் டயரின் இரு ஓரத்தையும் உள்ளே இழுத்துப் பிடிக்கும். டயரின் நடு முகம் கூம்பிப்போய் வளைவில் பிடிமானம் குறையும், செயின் கவரில் உரசும். பார்க்கக் கம்பீரம், ஓட்டினால் கஷ்டம். அதோடு 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 முதல் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். அது சக்கரத்தின் சுற்றை எண்ணித்தான் வேலை செய்கிறது. டயரின் உயரத்தை மாற்றினால் அதன் கணக்கும் மாறும்.

விளக்கில் நடக்கும் தவறு இன்னொன்று. நம்முடைய பெரும்பாலான 150 சி.சி. ஹாலஜன் வண்டிகளில் இருப்பது 35/35 வாட் ஹெச்.எஸ். 1 பல்பு. கடையில் 60/55 வாட் ஹெச் 4 பல்பைக் கொடுத்து "அதே ஹோல்டர்ல உட்காரும்" என்பார்கள். உட்காரும்தான். மூன்று ஆம்பியர் போன ஒயரில் ஐந்து ஆம்பியர் போகும். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது என்பதால் பகலெல்லாம் அந்தச் சூடு ஹோல்டரில் ஏறிக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிய வாசனை வந்த பிறகுதான் பலருக்குப் புரிகிறது. கூடுதல் விளக்கோ சார்ஜரோ போடுவதென்றால் பேட்டரியில் இருந்து தனி ஒயர், பேட்டரி முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், விளக்குக்கு ரிலே. வண்டியின் அசல் ஒயரைப் பிளேடால் சீவி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் பழக்கம் மழைக்காலத்தில் பழிவாங்கும். கப்ளர் போடுங்கள், 50 ரூபாய்கூட ஆகாது.

கழற்றிய அசல் பாகம் எதையும் எடைக்குப் போடாதீர்கள். ஆய்வாளருக்கும் வேண்டும், வண்டியை விற்கும்போதும் வேண்டும்.

3. நடுக்கத்துக்குக் காரணம் பேலன்ஸ்தானா?

இதைப் பார்க்காமல் சக்கரத்தைக் கழற்றினால் ஒரு ஞாயிறு வீண்.

காலி ரோட்டில் நடுக்கம் வரும் வேகத்துக்குப் போய், கிளட்ச்சைப் பிடித்து இன்ஜினை ஐடிலில் விடுங்கள். நடுக்கம் நின்றால் இன்ஜின் பக்கம் பாருங்கள். நிற்காமல் வேகம் குறையக் குறையத் தணிந்தால் சக்கரம். ஹேண்டில்பாரில் தெரிந்தால் முன்சக்கரம், சீட்டிலும் ஃபுட்ரெஸ்டிலும் தெரிந்தால் பெரும்பாலும் பின்சக்கரம்.

முப்பது நாற்பதிலேயே ஹேண்டில் ஆடினால் அது பேலன்ஸ் இல்லை. கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) தேய்ந்திருக்கும், அல்லது ரிம் வளைந்திருக்கும். டபுள் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரம் தூக்கியிருக்கும்போது ஹேண்டிலை மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கோன் செட்தான். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து உலுக்கிப் பாருங்கள், 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங். ஃபோர்க்கில் ஒரு கேபிள் டையைக் கட்டி அதன் நுனி ரிம்மைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் ரிம் நெளிவு கண்ணுக்கே தெரியும். குண்டும் குழியுமான ரோட்டில் வேகமாக இறங்கிய அலாய் வீலுக்கு இது சகஜம்.

கடைசியாக டயரின் பக்கச் சுவரில், ரிம் ஓரத்தை ஒட்டி மெல்லிய ஒரு வளையக் கோடு ஓடும். அது ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் உள்ளே புதைந்திருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் விட்டு, மறுபடி காற்றடித்தால் 'டப்' என்று உட்காரும். எத்தனையோ பேரின் "பேலன்ஸ் பிரச்சினை" இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்று, டியூப்லெஸ் டயருக்குள் பஞ்சர் ஜெல் ஊற்றியிருக்கிறீர்களா? வண்டி நிற்கும்போது அது அடியில் தேங்கும். ஜெல் உள்ளே இருக்கும்வரை பேலன்சிங் செய்வது வெட்டி வேலை. டயரைக் கழற்றித் துடைத்துவிட்டு வாருங்கள்.

4. சாமான்களும் செலவும்

கணக்கு தெரிந்தால் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பது விளங்கும். ரிம் ஓரத்தில் 20 கிராம் கூடுதலாக இருந்தால், 80 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் இரண்டு கிலோ விசையோடு சக்கரத்தை இழுக்கிறது, அதுவும் நொடிக்குப் பன்னிரண்டு தடவை. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. நாற்பதில் தெரியாதது எண்பதில் தெரிவது இதனால்தான்.

நான் சேர்த்தவை, ஏறக்குறைய நான் கொடுத்த விலையில்:

- சக்கரத்தின் பேரிங் துவாரத்தைவிட ஒல்லியான, பளபளப்பான இரும்புக் கம்பி, ஒன்றரை அடி. வளைவே இருக்கக் கூடாது. கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், தட்டாமல் உருள வேண்டும்.
- அந்தக் கம்பியில் நகர்ந்து, ஒரு கிரப் ஸ்க்ரூவில் (தலையில்லாத சின்ன ஸ்க்ரூ) இறுகும் இரண்டு கூம்புகள். லேத் பட்டறையில் கம்பியையும் கூம்பையும் சேர்த்து 500, 600 ரூபாய்க்குக் கடைந்து கொடுத்தார்கள். போகும்போது சக்கரத்தின் பேரிங் துவாரத்தை அளந்துகொண்டு போங்கள். கூம்பின் சின்ன முனை அதற்குள் போய், பெரிய முனை வெளியே நிற்க வேண்டும்.
- 608 பேரிங் நான்கு. உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர். எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். நான்கும் சேர்த்து 200 ரூபாய்க்குள்.
- ஒட்டும் எடை. 5 கிராம், 10 கிராம் துண்டுகளாகப் பட்டையில் வரும். 200 முதல் 300 ரூபாய். ஆன்லைனில் கிடைக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனால் கையோடு வாங்கலாம்.
- ரசமட்டம், சாக்பீஸ், பேப்பர் டேப், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில்.

லேத் பட்டறையில் அன்றே கிடைக்காது. நம் வேலை சின்ன வேலை, பெரிய ஆர்டருக்கு நடுவில்தான் செருகுவார்கள். ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

கூம்பு வேண்டாம் என்றால் வண்டியின் ஆக்ஸிலையே செருகி இரண்டு பக்கமும் தாங்கு கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் சக்கர பேரிங்கில் கிரீஸ் இருக்கிறது, ரப்பர் சீல் இருக்கிறது, இரண்டும் இழுத்துப் பிடிக்கும். பெரிய கோளாறைக் கண்டுபிடிக்கும், ஐந்து பத்து கிராம் வித்தியாசத்தைக் காட்டாது. கூம்பு முறையில் சக்கர பேரிங் சுற்றவே சுற்றாது. சக்கரமும் கம்பியும் சேர்ந்து அந்த 608 பேரிங் மேல் உருளும். அதனால்தான் இந்தச் செலவு.

டயரைக் கழற்றி மாட்டுவதை மட்டும் பஞ்சர் கடைக்கே விட்டுவிடுங்கள். 150, 200 ரூபாய்க்கு அவர்கள் ஐந்து நிமிடத்தில் செய்வதை வீட்டில் லீவர் போட்டு நெம்பி அலாய் ரிம்மைக் கீறிக்கொள்ள வேண்டாம். ஆனால் பக்கத்தில் நின்று மூன்று விஷயங்களைப் பாருங்கள்: டயரின் அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையில் இருக்கிறதா, டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வருகிறதா, வால்வு புதுசா. மஞ்சள் புள்ளி டயரின் லேசான இடம், வால்வு ரிம்மின் கனமான இடம். இரண்டையும் சேர்த்து வைத்தாலே பாதி பேலன்ஸ் ஆகிவிடும். டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. தள்ளுபடி விலை என்று பழைய சரக்கைத் தள்ளிவிடுவது உண்டு.

5. சக்கரத்தைக் கழற்றுதல்

வண்டி இரண்டு சக்கரத்திலும் நிற்கும்போதே ஆக்ஸில் நட்டைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். ஸ்டாண்டில் ஏற்றிய பிறகு ஸ்பேனரில் தொங்கினால் வண்டி சாயும்.

சமதளத் தரையில் டபுள் ஸ்டாண்டு. முன்சக்கரத்தைத் தூக்க இன்ஜினுக்கு அடியில் பலகை வைத்து அதன் கீழ் ஜாக்கி. சைலன்சர் குழாய்க்குக் கீழே ஜாக்கி வைக்கவே கூடாது. டபுள் ஸ்டாண்டு இல்லாத வண்டியில் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டை மட்டும் நம்பி முன்சக்கரத்தைக் கழற்றாதீர்கள். வீட்டில் சின்னப் பசங்க இருந்தால் அந்தப் பக்கம் வர விடாதீர்கள்.

ஒவ்வொரு நட்டைக் கழற்றும் முன்பும் ஒரு போட்டோ. முக்கியமாக ஆக்ஸிலின் இரு பக்கமும் வரும் புஷ், அதாவது இடைவெளிக்குப் போடும் குழாய்த் துண்டு. இடப்பக்கத்துப் புஷ்ஷும் வலப்பக்கத்துப் புஷ்ஷும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், அளவு வேறு. நான் மார்க்கரில் 'இ', 'வ' என்று எழுதிவிடுவேன். ஸ்பீடோமீட்டர் கேபிளையோ ஏ.பி.எஸ். சென்சாரையோ இழுத்துப் பிடுங்காதீர்கள். சென்சாரைப் பிடித்திருக்கும் சின்ன போல்ட்டைக் கழற்றி ஓரமாகக் கட்டி வையுங்கள்.

சக்கரம் வெளியே வந்ததும் பிரேக் பேடுகளுக்கு நடுவில் மடித்த அட்டைத் துண்டைச் செருகுங்கள். ஆர்வக்கோளாறில் யாராவது பிரேக் லீவரைப் பிடித்துவிட்டால் பிஸ்டன் வெளியே தள்ளி, டிஸ்க் திரும்பப் போகாது. லீவர் மேல் ஒரு டேப் ஒட்டி "தொடாதே" என்று எழுதினாலும் தப்பில்லை. டிஸ்க் தரையில் படும்படி சக்கரத்தைப் படுக்கப் போடாதீர்கள், கிரீஸ் கையால் டிஸ்க்கைத் தொடாதீர்கள்.

பின்சக்கரத்தில் கூடுதல் வேலை: செயின் அட்ஜஸ்டர் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று இரு பக்கமும் குறித்துக்கொள்ளுங்கள். டிரம் பிரேக் என்றால் பிரேக் பிளேட் தனியாக வந்துவிடும். உள்ளே இருக்கும் ஷூ தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.

விரலால் பேரிங்கைச் சுற்றிப் பாருங்கள். மணல் மாதிரி நறநறவென்றால் பேரிங்கை மாற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு.

6. ஸ்டாண்டு

நான்கு பேரிங்கையும் பெட்ரோலில் அலசிக் கிரீஸை எடுத்துவிடுங்கள். தட்டினால் விசிறிபோல் நெடுநேரம் சுற்ற வேண்டும். மூடியுள்ள பேரிங் என்றால் ஊசியால் மூடியைக் கழற்றிவிட்டு அலசுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள், சமையலறைப் பக்கம் வேண்டாம்.

ஒரு மரச்சட்டத்தில் இரண்டு பேரிங்கைப் பக்கத்தில் பக்கத்தில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். இரண்டுக்கும் நடுவில் உண்டாகும் பள்ளத்தில் கம்பி உட்காரும். இன்னொரு சட்டத்திலும் அப்படியே. இரண்டு சட்டங்களையும் ஒரே உயரமுள்ள இரண்டு ஸ்டூலில், சக்கரம் தரையில் படாத உயரத்துக்கு, ஆடாமல் கட்டிவிடுங்கள். கம்பியின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சாய்வு இருந்தால் சக்கரம் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும்.

மின்விசிறியை அணையுங்கள். காற்று பட்டால் கடைசி ஐந்து கிராம் எங்கே என்று தெரியாது.

7. கனமான இடம், எடை

ரிம்மில் பழைய எடை இருந்தால் அதைப் பிளாஸ்டிக் கரண்டியால் நெம்பி எடுத்துவிடுங்கள். டயரில் மாட்டிய கல்லையும் எடுங்கள். சக்கரத்துக்குள் கம்பியைச் செருகி, இரு பக்கமும் கூம்பை நெருக்கி ஸ்க்ரூவை இறுக்கி, பேரிங் மேல் வையுங்கள்.

மெதுவாக ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கையை எடுங்கள். முன்னும் பின்னும் ஆடி நிற்கும்போது கனமான இடம் அடியில் இருக்கும். உச்சியில் இருக்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். சக்கரத்தை வேறு நிலையில் இருந்து மறுபடி விடுங்கள். திரும்பத் திரும்ப அதே கோடு உச்சிக்கு வந்தால் நம்பலாம். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடம் உச்சியில் நின்றால் ஒன்று சக்கரம் ஏற்கெனவே பேலன்ஸில் இருக்கிறது, அல்லது கூம்பு சரியாக உட்காரவில்லை. இரண்டாவதுதான் அதிகம் நடப்பது, கூம்பைத் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள்.

இப்போது கோட்டின் மேல், ரிம்மில், 10 கிராம் எடையைப் பேப்பர் டேப்பால் ஒட்டுங்கள். பின்பக்க ஸ்டிக்கரை இப்போதே உரிக்க வேண்டாம். சக்கரத்தைத் திருப்பி, எடை இருக்கும் இடத்தைக் கடிகாரத்தின் மூன்று மணி நிலைக்குக் கொண்டுவந்து கையை விடுங்கள். எடை மேலே ஏறினால் போதவில்லை, ஐந்து கிராம் சேருங்கள். கீழே இறங்கினால் கூடிவிட்டது, குறையுங்கள். ஒன்பது மணி, பன்னிரண்டு மணி, இடையில் எங்கே விட்டாலும் அங்கேயே அசையாமல் நின்றால் வேலை முடிந்தது. ஐந்து கிராமுக்கும் கீழே துல்லியம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

சாதாரணமாக 10 முதல் 30 கிராமுக்குள் முடியும். 60 கிராமைத் தாண்டினால் எடை மேல் எடை ஒட்டாதீர்கள். பஞ்சர் கடைக்குப் போய் டயரின் காற்றை இறக்கி, ரிம் மேல் அரைச் சுற்று தள்ளிப் போடச் சொல்லி மறுபடி பாருங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் டயரோ ரிம்மோ கோளாறு. டயர் புதுசு என்றால் வாரன்டிக்கு பில் தேவைப்படும் நேரம் இது.

இடம் உறுதியானதும் ரிம்மை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். பெட்ரோலில் துடைத்தால் எண்ணெய்ப் படலம் தங்கிவிடும், எடை மூன்றாம் நாள் பறந்துபோகும். ரிம்மின் உள்பக்க நடுப்பகுதியில், வெளியே தெரியும் இடத்தில், ஸ்டிக்கரை உரித்து எடையை ஒட்டி, பசை நன்றாகப் பிடிக்கும்படி கட்டைவிரலால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். 20 கிராமுக்கு மேல் என்றால் பாதியை இடப்பக்கமும் பாதியை வலப்பக்கமும் பிரித்து ஒட்டுங்கள். டிஸ்க் பக்கம் ஒட்டும்போது பிரேக் கேலிப்பரில் இடிக்காத இடமாகப் பாருங்கள்.

ஸ்போக் சக்கரத்தில் ஒட்ட இடமில்லை. ஸ்போக்கில் கவ்வும் எடை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சால்டரிங் ஈயக் கம்பியைத் தராசில் நிறுத்து, நிப்பிளை (ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் சின்ன நட்டு) ஒட்டி ஸ்போக்கில் நெருக்கமாகச் சுற்றி, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுவிடலாம். புல்லட்காரர்கள் ரொம்ப நாளாகச் செய்வது இது. ஸ்போக் தளர்வாக இருந்தால் முதலில் ஸ்போக்கை இறுக்கி ரிம்மின் கோட்டம் எடுங்கள், பேலன்ஸ் பிறகு.

8. மாட்டுவது, ஓட்டிப் பார்ப்பது

ஆக்ஸிலைத் துடைத்து லேசாகக் கிரீஸ் தடவி, போட்டோவைப் பார்த்துப் புஷ்களை வைத்து, அட்டையை எடுத்துவிட்டு டிஸ்க்கைப் பேடுகளுக்கு நடுவில் செலுத்துங்கள். ஆக்ஸில் நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் நியூட்டன் மீட்டரில் இருக்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்க மனசு வரவில்லை என்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியை உருட்டிக்கொண்டு போய் அந்த ஒரு நட்டை மட்டும் இறுக்கச் சொல்லுங்கள். காட்டர் பின் உள்ள வண்டியில் பழைய பின்னை நிமிர்த்திப் போடாமல் புதுசு போடுங்கள், ஐந்து ரூபாய்.

நகர்த்தும் முன் முன்பிரேக் லீவரை அது கெட்டியாகும்வரை திரும்பத் திரும்பப் பிடித்து விடுங்கள். முதல் இரண்டு மூன்று தடவை லீவர் சும்மா உள்ளே போகும். இதைச் செய்யாமல் வாசலை விட்டு இறங்கினால் முதல் பிரேக்கே பிடிக்காது. சக்கரத்தைக் கையால் சுற்றி எடை எங்கேயும் உரசவில்லை என்று பாருங்கள். பின்சக்கரத்தில் செயின் தளர்ச்சியை ஸ்டிக்கரில் சொன்ன அளவுக்கும், அட்ஜஸ்டரை இரு பக்கமும் ஒரே கோட்டுக்கும் கொண்டுவாருங்கள்.

காற்றழுத்தம் வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது. பிறகு தெருவுக்குள் இரண்டு சுற்று, பிரேக் சோதனை, ஏ.பி.எஸ். விளக்கு அணைகிறதா என்று ஒரு பார்வை. அதன் பிறகுதான் பைபாஸ்.

முதல் தடவை ஒரு சக்கரத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். பழகிவிட்டால் ஒன்றரை மணி நேரம். ஒட்டிய எடையின் பசை முழுசாக இறுக ஒரு நாள் ஆகும், அதுவரை வாட்டர் வாஷுக்கு விடாதீர்கள். வாட்டர் வாஷ் கடையில் பிரஷரை ரிம்மின் உள்பக்கம் நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆக்ஸில் நட்டையும் எடைகளையும் ஒருதரம் தொட்டுப் பாருங்கள். பஞ்சர் ஒட்ட டயரைக் கழற்றினால் பேலன்ஸ் போய்விடும். கழற்றும் முன் வால்வுக்கு நேராக டயரில் ஒரு சாக்பீஸ் கோடு போடச் சொல்லி, அதே இடத்தில் திரும்ப மாட்டச் சொன்னால் பெரும்பாலும் மறுபடி செய்யத் தேவை இருக்காது.